கொட்டாவி முறை

இந்த அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மேலே ஒரு ஜன்னல், கதவுக்கு அடியில் ஓர் இடுக்கு. காற்று உள்ளே வந்து வெளியே போகிறது. காவல் நிலையங்களைப் பற்றி நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

உங்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று சொன்னீர்கள், மஞ்சுநாத் சார். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்துங்கள்.

என் பெயர் இளங்கோவன். கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் வேதியியல் படித்து முனைவர் பட்டம் வாங்கினேன். பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் சாலையில் இருக்கும் அந்த ஷெட்டில் உலைக்குப் பொறுப்பு. அங்கே கார்பன் நானோ குழாய் வளர்க்கிறோம். தயாரிக்கிறோம் என்று சொல்வதில்லை. வளர்க்கிறோம் என்றுதான் சொல்வோம்.

குழாய் வளர்க்க மூன்று வழிகள் உண்டு. இரண்டு கரித் தண்டுகளுக்கு நடுவே மின்பொறியை எரியவிடலாம். கரிக்கட்டியை லேசரால் சுடலாம். இரண்டிலும் குழாய் வரும், கொஞ்சமாக, குப்பையோடு. மூன்றாவது, ஆவி வழி. இரும்பைப் பொடிப்பொடியாகப் பூசிய சில்லு ஒன்றை உலைக்குள் வைத்து, கரி கலந்த வாயுவை அதன்மேல் ஓடவிட வேண்டும். சூட்டில் வாயு உடையும். கரி இரும்புத் துகளில் ஒட்டி மயிர்போல மேலே எழும்பும். கோடிக்கணக்கில், நெருக்கமாக, நேராக. அதற்குக் காடு என்று பெயர். அதைவிடக் கறுப்பான பொருள் உலகத்தில் அரிது. விளக்கைக் காட்டினால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பாது. தொலைநோக்கிகளின் உட்புறத்துக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்களிடம் கேட்டிருந்தது. எங்களுக்கு வாடிக்கையாளர் அவர்கள் மட்டும்தான்.

காடு வராவிட்டால் புகைக்கரி வரும். சமையலறைச் சுவரில் படிவது. முதல் வருடம் முழுக்க எங்களுக்கு வந்தது அதுதான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷெட் முன்பு லாரி மெக்கானிக் ஷெட்டாக இருந்தது. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளம் நடுவில் அப்படியே இருந்தது. கரி வாயு, அதைச் சுமந்து செல்லும் ஆர்கான் வாயு இரண்டின் சிலிண்டர்களையும் அதற்குள் நிறுத்தினோம். அங்கிருந்து ஒரு பைப் மேலே ஏறி உலைக்குப் போகும். அதில் இரண்டு இணைப்புகள். கீழ் இணைப்பு பள்ளத்துக்குள். மேல் இணைப்பு தரைமட்டத்துக்கு மேலே, என் நாற்காலிக்குப் பக்கத்தில், முகத்துக்கு நேராக. ஆர்கான் சிலிண்டரைக் காலி செய்ய ஒரு வடிகால் வால்வும் உண்டு. அதன் கைப்பிடி மேலே என் பக்கம். அதன் வாய் பள்ளத்துக்குள்.

பள்ளத்தில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் கோதண்டராமன்.

அவருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி வருவார். மனைவி இறந்து பல வருடம். சிலிண்டர் தீர்ந்தால் மாற்றிப் பூட்டுவது அவர் வேலை. சிலிண்டர் லேசில் தீராது. மிச்ச நேரமெல்லாம் கீழ் இணைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்.

சாதாரணக் கொட்டாவி அல்ல. முதலில் தாடை மெல்ல இறங்கும். கண் மூடும். பிறகு வாய் திறந்துகொண்டே போகும், இதற்கு மேல் இடமில்லை என்று நாம் நினைத்த பிறகும். முடியும்போது "ஆவ்" என்ற சத்தம் சிலிண்டர்களில் பட்டு எதிரொலிக்கும்.

எங்கள் வீட்டில் கொட்டாவி வந்தால் வாயருகே சொடக்குப் போட வேண்டும். திறந்த வாய் வழியே உயிர் நழுவிவிடும் என்பது அம்மாவின் எண்ணம். கைக்குழந்தைக்கு அம்மா போடுவாள். வளர்ந்த பிறகு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கோதண்டராமன் போடவே மாட்டார். எனக்கு மனசு கேட்காது. மேலிருந்து அவருக்காக நான் போடுவேன். ஷெட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது.

நீங்கள் என் விரலைப் பார்க்கிறீர்கள். மன்னிக்கவும். இப்போது போட்டது உங்களுக்காக. நீங்கள் கொட்டாவி விடவில்லை என்கிறீர்கள். சரி.

முதல் காடு வந்த நாள் நினைவிருக்கிறது. எங்கள் முதலாளி ரித்விக், முப்பதைத் தாண்டாதவர், மாதம் ஒருமுறை எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவார். கம்பெனியின் தொலைநோக்கு, பயணம், குடும்பம் என்று நீளும். அன்று உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசினார். கோதண்டராமன் பள்ளத்தில் நின்றபடியே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நான் சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் என்னோடு உலையில் வேலை பார்க்கும் சுனிதா சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டாள். காடு. ஒரு மரம்கூடச் சாயாத காடு.

அடுத்த நாள் பேச்சு இல்லை, கொட்டாவி குறைவு. கரி. அதற்கு அடுத்த நாளும் கரி. அடுத்த மாதம் ரித்விக் பேசினார். மறுபடி காடு.

காரணத்தை நான் கண்டுபிடித்தேன். உலையை பம்ப் வைத்து உறிஞ்சுகிறோம். கீழ் இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். கொட்டாவியில் ஈரம் உண்டு. மிகக் கொஞ்சம் ஈரம் இரும்புத் துகளின்மேல் படியும் வேண்டாத கரியைத் தின்றுவிடும். துகள் சாகாது. காடு வளர்ந்துகொண்டே போகும். ஈரத்தைப் பற்றி வேறு நாட்டில் முன்பே எழுதிவிட்டார்கள். எங்களுக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னுடையது. கோதண்டராமன் விடுப்பில் இருந்த நாட்களைப் பார்த்தேன். கரி. அவர் வந்து ஓயாமல் கொட்டாவி விட்ட நாட்களைப் பார்த்தேன். காடு. விஞ்ஞானத்தில் இவ்வளவு சுத்தமான முடிவு கிடைப்பது அபூர்வம்.

இணைப்பை யாரும் சோதிக்கக் கூடாது என்று சொன்னேன். சோதித்தால் இறுக்கிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது எளிது. அவருக்குச் சலிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளத்துச் சுவரில் அவர் ஒட்டியிருந்த முருகன் காலண்டரை எடுத்தேன். ஃபோன் தீப்பொறி கிளப்பும் என்று சொல்லி வாங்கி வைத்தேன். அழுத்தமானியில் ஒருபோதும் அசையாத ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையைக் கொடுத்தேன். பள்ளத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கத்துகிற கருவி ஒன்று இருந்தது. அது அடிக்கடி காரணமில்லாமல் கத்தும். அவர் விழித்துக்கொள்வார். அதன் பேட்டரியைக் கழற்றி என் மேசைக்குள் போட்டேன்.

ரித்விக்கிடம், கோதண்டராமன் தொலைநோக்கைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றேன். ரித்விக்குக் கண் கலங்கிவிட்டது. வாரம் தவறாமல் பள்ளத்தின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து பேசினார்.

"கோதண்டு, நீங்க வெறும் எம்ப்ளாயி இல்ல. நீங்க ஒரு ஸ்டேக்ஹோல்டர்."

"சரிங்க சார்" என்பார் கோதண்டராமன். தாடை இறங்கும்.

வாடிக்கையாளர் பாராட்டி எழுதினார்கள். என் முறை என்னவென்று கேட்டார்கள். சுற்றுச்சூழல் ஈரத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்று பதில் அனுப்பினேன். அது பொய்யல்ல.

பாஞ்சாலி வந்த பிறகுதான் பிரச்சினை.

பக்கத்து ஷெட் ஆயத்த ஆடைக் கம்பெனி. பாஞ்சாலி அங்கே துப்புரவு வேலை. கணவன் இல்லை. எங்கள் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார். ஒருநாள் பள்ளத்தை எட்டிப் பார்த்து, கீழே என்ன வேலை என்று கேட்டார். குழாய் வளர்க்கிறோம் என்று கோதண்டராமன் பெருமையாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத குழாய்.

"இன்னாய்யா இது. எங்க தெருக் கொழா கண்ணுக்குத் தெரியுது, தண்ணிதான் தெரியல. ஒங்களுது கொழாவே தெரியாதா?"

கோதண்டராமன் சிரித்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அன்று கரி வந்தது.

பிறகு தினமும் வந்தார். தெருச் சண்டைகளைச் சொல்வார். வீட்டுக்காரம்மா, தண்ணீர் லாரி டிரைவர், சீட்டுக் கம்பெனிக்காரன் எல்லோரையும் பேசிக் காட்டுவார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே பேசிக் காட்டுவார். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். பள்ளத்தில் கொட்டாவி நின்றுபோனது. உலையில் கரி, மறுபடி கரி.

சுனிதா ஒரு வழி சொன்னாள். "சார், ஆர்கான ஒரு பாட்டில் தண்ணிக்குள்ள விட்டு அனுப்புனா போதும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. அந்த மனுஷன விட்டுடுங்க சார்."

அதை நான் செய்து பார்த்தேன். எதையும் செய்து பார்க்காமல் ஒதுக்குகிறவன் அல்ல நான். பாட்டில் வழியாகக் காடு வந்தது. நல்ல காடு. பாட்டிலைக் கழற்றிக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டேன். அது வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எல்லோருடைய முறை. என் முறை அல்ல. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு முறையை ஒரு துப்புரவுப் பெண் பேசுகிறாள் என்பதற்காகக் கைவிட முடியாது.

ஆடைக் கம்பெனியின் மேற்பார்வையாளரிடம், பாஞ்சாலி மாலையில் ஒரு பையோடு போவதைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பையில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. அதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கேட்டில் எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டிப் பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவும் இரண்டு துணித் துண்டுகளும் இருந்தனவாம். தரை துடைக்கிற துண்டுகள். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

கோதண்டராமன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பேஜாரா கீது சார்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பேஜார் என்றால் சலிப்பு. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கன்னடத்தில் பேஜாரு என்றால் மனசு நொந்துபோவதும்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கும் தெரியும், இங்கே முப்பது வருடமாக இருக்கிறேன். பெங்களூரில் பிறந்தவர் அந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்டிருக்கலாம். இரண்டும் வாயை ஒரே மாதிரிதான் திறக்க வைக்கின்றன. அந்த மாதம் வந்த காடுகள் அதுவரை வந்ததிலேயே உயரம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்து என் நாற்காலிக்கு முன்னால் நின்றார். முகத்தை மழித்திருந்தார்.

"சார், நான் நின்னுக்கறேன் சார்."

ஏன் என்று கேட்டேன்.

"பாஞ்சாலி ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டாண்ட இட்லிக் கடை போட்டுகீது. கூட ஓர் ஆள் வேணுமாம்."

"கடைக்கா?"

"கடைக்கும்தான் சார்." தரையைப் பார்த்துச் சிரித்தார். "இங்க சும்னே குந்திகினு கெடக்கறதுக்கு அங்க போய் மாவாட்டலாம்."

மாவாட்டுவது சலிப்பான வேலைதானே என்று கேட்டேன். அவர் யோசித்தார். "அது பக்கத்துல இருந்தா இல்ல சார்" என்றார்.

வாழ்த்தினேன். உண்மையாகவே வாழ்த்தினேன். வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒரே ஒரு சில்லு பாக்கி இருப்பதாகவும், அதற்கு மட்டும் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும்படியும் கேட்டுக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. யாருக்கும் மறுக்கிற மனிதர் அல்ல. சாயங்காலம் பாஞ்சாலி வந்து அழைத்துப் போகும் என்றார்.

வெள்ளிக்கிழமை புதுச்சட்டையில் வந்தார். சட்டையில் மடிப்புக் கோடு இருந்தது. ரித்விக்கும் சுனிதாவும் வெளியே போயிருந்தார்கள். உலை சூடேறியது. அவர் முக்காலியில் உட்கார்ந்து, தனக்குத் தானே எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தாடை இறங்கவில்லை.

பாதுகாப்புக் கையேட்டை எடுத்து உரக்க வாசித்தேன். வழக்கமாக இரண்டாம் பக்கத்தில் அவர் வாய் திறக்கும். அன்று கடைசிவரை வாசித்தேன். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, நிறமோ மணமோ கிடையாது, தாழ்வான இடங்களில் தேங்கும், அங்கே யாரும் உட்காரக் கூடாது என்ற பக்கத்தையும் வாசித்தேன். அவர் கேட்கவில்லை. ஆனால் நான் வாசித்தேன். எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆர்கான் என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பொருள். எதோடும் சேராது, எதையும் எரிக்காது. சும்மா இருக்கும். உலையில் அதை விடுவதே அதற்காகத்தான். இருக்கிற இடத்தில் வேறு எதையும் இருக்கவிடாது, அவ்வளவுதான்.

என் அப்பா ஒன்று சொல்வார். சுரங்கத்தில் காற்று கெட்ட இடத்துக்குள் போனால் முதலில் கொட்டாவி வரும். பிறகு சிரிப்பு வரும். பிறகு ஒன்றும் வராது. கொட்டாவி வந்ததும் திரும்பி ஓடி வந்தவர்கள் பிழைத்தார்கள் என்பார்.

எனக்கு முதல் கட்டம் மட்டும்தான் தேவைப்பட்டது. வடிகால் வால்வைக் கொஞ்சம் திறந்தேன்.

சற்று நேரத்தில் தாடை இறங்கியது. கண் மூடியது. நான் சொடக்குப் போட்டேன். இன்னொன்று வந்தது. இன்னொரு சொடக்கு. உலைக்குள் பார்க்கிற கேமரா ஒன்று உண்டு. காட்டின் உயரம் என் திரையில் கோடாகத் தெரியும். கோடு அசைந்தது. ஏற ஆரம்பித்தது. அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. கொட்டாவிமேல் கொட்டாவி. எனக்கு விரல் வலித்தது.

பிறகு அவர் சிரித்தார்.

"தண்ணிதான் தெரியல சார்" என்றார். "கொழா தெரியுது. தண்ணிதான்..." முடிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. நீங்கள் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கட்டம் என்று எனக்குத் தெரியும். வால்வின் கைப்பிடி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எழுந்திருக்கக்கூட வேண்டாம். ஆனால் காடு வளர்ந்துகொண்டிருந்தது. வளரும்போது எதையும் தொடக் கூடாது. அதை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறோம்.

அவர் தலை கீழ் இணைப்பின்மேல் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்தேன் என்று சொன்னால் எனக்கு நல்லது என்று வக்கீல் சொல்கிறார். நினைக்கவில்லை. கோதண்டராமனை நான் கொன்றேன். என்ன நடக்கிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் பாஞ்சாலி கேட்டுக்கு வந்தார். கையில் டிபன் கேரியர்.

"எங்க சார் அவரு? ஃபோன் எடுக்கல."

ஃபோன் என் மேசைக்குள் இருந்தது. வேலையில் இருக்கிறார் என்றேன். அது பொய்யல்ல. உலை இன்னும் அணையவில்லை.

"தூங்கறாரா? எழுப்பி வுடுங்க சார். ஆறிப்போவும்."

உள்ளே விட முடியாது, விதி இருக்கிறது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கு வெளியே கேரியரைக் கீழே வைத்துவிட்டு நின்றார். சுனிதா திரும்பி வரும்வரை நின்றுகொண்டிருந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சுனிதா உங்கள் ஆட்களுக்கு முன்னால் பைப்பில் வாயுவை நிரப்பி, இரண்டு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் காட்டியிருக்கிறாள். கீழ் இணைப்பில் ஒரு குமிழ்கூட வரவில்லை. புதிதாகப் பூட்டியதுபோல இறுக்கமாக இருந்ததாம். மேல் இணைப்பில் கொத்துக் கொத்தாக வந்ததாம். என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது. கொட்டாவி பார்க்கிறவருக்கும் தொற்றும் என்று அவள் சொன்னதையும் சொன்னீர்கள். ஷெட்டின் கேமராப் பதிவில் நான் வாயைத் திறப்பது தெரிகிறதாம், ஒவ்வொரு சொடக்குக்கும்.

கேமரா தூரத்தில் இருக்கிறது. நான் கொட்டாவி விடுவதில்லை. என் வேலையில் எனக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. சொடக்கு மட்டும்தான் என்னுடையது. கொட்டாவி அவருடையது. அப்படி இல்லையென்றால் அவர் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அதை பாஞ்சாலியிடம் யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்றும் கேட்டீர்கள். கோதண்டராமன் தலை சாய்ந்து வெகுநேரம் கழித்தும், காடு வளர்ந்து நிற்கும்வரை, பதிவில் சொடக்குச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. அது யாருக்காக என்று.

அவருக்காகத்தான் போட்டேன்.